பிளாப்பிக்குப் பொட்டு வைத்த கதை

கம்ப்யூட்டர் பாதுகாப்பில் எனக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. சரியாகச் சொன்னால் ஏழு மாதம்.

எண்பதுகளின் கடைசியில், செஞ்சி கடைத்தெருவில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை. எந்த ஊரில் யார் கிணற்றில் எந்த மோட்டார், எத்தனை அடி ஆழம், எப்போது செம்புக்கம்பிக் காயில் கட்டினோம் என்பதெல்லாம் அதுவரை நோட்டுகளில் இருந்தது. முதலாளி சென்னைக்குப் போய் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிவந்து ஒரு ஒயரால் இணைத்தார். நோட்டுகளை வேர்க்கடலை வறுத்து விற்கும் மல்லாட்டைக்காரருக்குப் பொட்டலம் கட்டக் கொடுத்துவிட்டார். விவரமெல்லாம் உள்ளறையில் இருந்த என் பெட்டியில். முன்னறையில் இருந்த மல்லிகா, தன் பெட்டியிலிருந்தே அதை எடுத்துப் பார்ப்பாள்.

நான் ஆறு வாரம் பயிற்சி எடுத்தவன். (என் மிடுக்கைப் பார்த்தால் செஞ்சிக் கோட்டையைக் கட்டினதே நான்தான் என்று தோன்றும்.) வந்ததும் சுவரில் விதிகளை எழுதி ஒட்டினேன். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாது, வெளியாள் கொண்டுவரும் பிளாப்பியை (விவரம் பதிந்துவைக்கும் மெல்லிய கருப்புத் தகடு) பெட்டியில் போடக் கூடாது, பிளாப்பியில் முட்டை வடிவில் திறந்திருக்கும் பளபளப்பான இடத்தில் விரல் படவே கூடாது. எல்லா விவரத்துக்கும் பிளாப்பியில் இரண்டு செட் நகல். ஒன்று ஆபீசில்; ஆபீசே தீப்பிடித்தாலும் பிழைக்கட்டும் என்று இன்னொன்று என் வீட்டு அலமாரியில். முதலாளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

மல்லிகா பாத்திரக்கடைக்காரர் மகள். "வேலை இருக்கிற வரைக்கும் போ. வேலை போச்சுன்னா அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம்" என்று அவளுடைய நைனா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் பதினைந்து அடி. ஏழு மாதத்தில் அதை என்னால் கடக்க முடியவில்லை. ஒரு திரையில் எழுதினால் மறு திரையில் தெரியும் வசதி இருந்தது. தினம் காலையில் 'வந்தாச்சு' என்று அனுப்புவாள். அந்த ஒரு வார்த்தைக்காக எட்டரை மணியிலிருந்தே திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அது வந்ததும் நான் அனுப்பும் பதில்: 'சரி'.

ஆயுத பூஜை வந்தது. மோட்டார், ஸ்பேனர், சைக்கிள் எல்லாவற்றுக்கும் மல்லிகாதான் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். நான் வீட்டிலிருந்த செட்டையும் எடுத்துவந்திருந்தேன். (ஒன்றைச் சாமி முன்னால் வைத்து மற்றதை வீட்டில் விட்டால் ஓரவஞ்சனை இல்லையா?)

"இன்னாங்க, இதுக்கும் வெச்சிடட்டுமா?"

சுவரில் விதி இருந்தது. அவள் விரலில் ஈரச் சந்தனம் இருந்தது. "வைங்க" என்றேன்.

"எங்க வெக்கிறது? எல்லாம் கருப்பா இருக்குதே. ம்... இங்க பளபளன்னு நெத்தி மாதிரி இருக்குது."

உறையைக் கழற்றி ஒவ்வொன்றாக நானே நீட்டினேன். இருபத்து நான்கு பிளாப்பி. இருபத்து நான்கு தடவை அவள் வளையல் என் கைக்குப் பக்கத்தில் சத்தம் போட்டது. இன்னும் நூறு பிளாப்பி இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

பூஜை முடிந்த இரண்டாம் நாள் கரண்ட் போய்ப் போய் வந்ததில் என் பெட்டி கடகடவென்று சத்தம் போட்டு ஒரேயடியாக அடங்கிவிட்டது. "பயப்படாதீங்க மொதலாளி, நகல் இருக்குது" என்று மல்லிகாவின் பெட்டியில் முதல் பிளாப்பியைப் போட்டேன். காய்ந்த சந்தனம் உள்ளே கரகரவென்று அரைபட்டது. ஆறாவது பிளாப்பியில் அந்தப் பெட்டியும் படிப்பதை நிறுத்திக்கொண்டது.

"எவன்யா இதுல பொட்டு வெச்சது?" என்று கத்தினார் முதலாளி. வாசற்படியில் மல்லிகா நின்றிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான்தான் மொதலாளி."

"வூட்டுல இருந்ததுக்குமா?"

"அதையும் எடுத்தாந்து வெச்சேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "திருடன் வந்திருந்தாகூட ஒரு செட்டை வுட்டுட்டுப் போயிருப்பான்யா!"

தண்டனை: கம்பெனி சைக்கிளில் கிணறு கிணறாகப் போய் எல்லாவற்றையும் மறுபடி எழுதிவர வேண்டும். தொண்டூர், தளவானூர், மேல்சித்தாமூர் என்று அங்கங்கே தங்கிச் சுற்றினேன். "போன தபா எழுதிக்கினு போனியே, அது இன்னா ஆச்சு?" என்று ஒவ்வொரு கிணற்றடியிலும் கேட்டார்கள். எழுதிய தாள்களைச் சாயங்கால பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவேன். பழுதுபார்த்து வந்த பெட்டியில் மல்லிகா ஏற்றுவாள். தாளின் அடியில் மனசில் இருப்பதை எழுதிவிடுவது என்று தினமும் முடிவு செய்வேன். எழுதியது: 'சரிபார்க்கவும்'. அவள் வேலையைக் காப்பாற்றினேன். அவள் வேலை பார்க்கும் இடத்தில்தான் நான் இல்லை.

மூன்று மாதம் கழித்துத் திரும்பியபோது முன்னறைப் பெட்டி அணைந்திருந்தது. என் மேஜையில் ஒரு கல்யாணப் பத்திரிகை, மாப்பிள்ளை ஆரணி. வேலை இருந்தும் அவளுடைய நைனா காத்திருக்கவில்லை.

இன்று என் மகன் சென்னையில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிறான். "எங்க நைனா பேக்கப்புக்கே பொட்டு வெச்சவரு" என்று நண்பர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் என் மனைவி குங்குமத் தட்டோடு வந்து, "ரெண்டு செட்டுக்குமா?" என்று கேட்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அந்தப் பிளாப்பிகளில் ஒன்று இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. சந்தனம் உதிர்ந்துவிட்டது, சின்ன வட்டமாகக் கறை மட்டும் மிச்சம். அது என் விரல் அளவு இல்லை. வீட்டில் யாரும் அதில் விரலை வைத்துப் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன்.