பன்னிரண்டு அஞ்சலட்டைகளும் இரண்டாவது பொத்தானும்

மதிப்பிற்குரிய ‘மிசுகுருமா’ மாத இதழின் ஆசிரியர் செகிமோதோ அவர்களுக்கு,

உவேதாவிலிருந்து கிரிஹாரா யசுனோரி பணிவுடன் எழுதுவது. இங்கே கூரைப் பனி உருகிச் சொட்டத் தொடங்கிவிட்டது. டோக்கியோவில் பிளம் பூத்திருக்கும். தாங்களும் அலுவலகத்தாரும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. காரணம் தங்கள் இதழ்.

தங்கள் ‘மேல்மாடி வகுப்பு’ மங்கா படக்கதைத் தொடரை வரையும் உசுய், மேல்நிலைப் பள்ளியில் என் வகுப்புத் தோழன். கெண்டோ வாள்வீச்சுக் களத்தில் எதிரி, மதியச் சோற்றுக்கு நண்பன். தொடரில் வரும் அழகன் ஹயாதே அவனேதான். மாதாமாதம் தோற்றுவிட்டு மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டு முறைக்கும் குரோகி, நான். இருவரும் சுற்றிச் சுற்றி வரும் பெண், இன்று என் மனைவியாக இருக்கும் சிஹாரு. நான் வேதியியல் நடத்தும் வகுப்பிலேயே ஒருத்தி எழுந்து, “சென்செய், இந்தக் குரோகி முறைக்கிறது அச்சு அசல் நீங்கதான்!” என்கிறாள். வகுப்பே கைதட்டுகிறது.

ஆகவே தொடரை நிறுத்தச் சொல்லி, எட்டு மாதமாக, மாதம் பன்னிரண்டு இதழ் வாங்கி, உள்ளே இருக்கும் வாசகர் அஞ்சலட்டைகளை அனுப்பினேன். ‘மனத்தில் நின்ற மூன்று தொடர்கள்’ என்ற மூன்று கட்டங்களிலும், அது வாக்கு என்று தெரியாமல், இந்தத் தொடரின் எண்ணையே எழுதி, கீழே ‘உடனே நிறுத்துக’ என்றும் எழுதினேன். கீழே எழுதியதை அங்கே யாரும் படிப்பதில்லை போலும். தங்கள் பாராட்டுக் கடிதமும் ஹயாதே படம் போட்ட விசிறியும் வந்து சேர்ந்தன. என் பேராதரவால் தொடர் மூன்றாம் இடத்துக்கு ஏறிவிட்டதாம். மார்ச் இதழில் பட்டமளிப்பு நாள் வண்ணத்தில் வருகிறதாம்.

ஐயா, அந்த நாள் மட்டும் அச்சேறக் கூடாது. சிஹாரு ஒவ்வொரு இதழையும் எனக்கு முன்னால் படிப்பவள். பிடித்த பெண்ணுக்கு நெஞ்சருகே உள்ள சட்டைப் பொத்தானைக் கொடுக்கும் வழக்கப்படி அன்று நான் தந்த இரண்டாவது பொத்தானை இன்றும் தையல் பெட்டியில் வைத்திருக்கிறாள். அது என்னுடையது அல்ல. முந்தின நாள் மெருகேற்றுவதற்காகக் கழற்றிய என் பொத்தானை வீட்டு மேசையிலேயே மறந்து வந்துவிட்டேன். சைக்கிள் கொட்டகையில் நான் விழிப்பதைப் பார்த்த உசுய், தன் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பிய்த்தான்.

“பேய் அடிச்ச மாதிரி நிக்காதடா. இத எடுத்துட்டுப் போ. உன்னுதுன்னே சொல்லு.”

“அப்ப நீ?”

“நான் படம் போட்டுப் பொழைச்சுக்குவேன், போடா!”

அவனுக்கும் அவள்மீது ஆசை என்று எனக்குத் தெரியும். தோற்றவனை மன்னித்துவிடலாம், விட்டுக்கொடுத்தவனை எப்படி மன்னிப்பது? முப்பத்து மூன்று வருடமாக அவனுக்கு ஒரு புத்தாண்டு வாழ்த்துகூட நான் எழுதியதில்லை. வேண்டுமானால் ஹயாதேயே தன் பொத்தானை அவளிடம் கொடுப்பதாக அவன் வரையட்டும். குரோகி இன்னொரு முறை தோற்கட்டும். உண்மை மட்டும் வேண்டாம்.

பருவம் மாறும் நேரம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் விருப்பமற்ற வாசகன்,
கிரிஹாரா யசுனோரி

பி.கு.: இதை உறையில் இடுவதற்குள் மார்ச் இதழ் வந்துவிட்டது. உசுய் நடந்ததை நடந்தபடியே வரைந்திருக்கிறான், என் காது சிவந்தது உட்பட. சிஹாரு படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“எனக்கு அன்னிக்கே தெரியும். உங்க சட்டை உங்க அண்ணன் போட்டுப் பழசாக்குனது, பொத்தானெல்லாம் தேஞ்சு கெடந்துச்சு. இது மட்டும் புதுசா மின்னிச்சே!”

“அப்புறம் ஏன் வாங்கிக்கிட்ட?”

“பொத்தான் யாருதுன்னா பாத்தேன்? நடுங்குன கை யாருதுன்னு பாத்தேன்.”

தொடரை நிறுத்த வேண்டாம். எங்கள் முகவரியை உசுயிடம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சோபா நூடுல்ஸ் செய்வதாகச் சிஹாரு சொல்கிறாள். இம்மாத அட்டைகள் பன்னிரண்டும் இத்துடன் உள்ளன. இந்த முறை தெரிந்தேதான் எழுதியிருக்கிறேன்.