கண்ணீர் ஒதுக்கீட்டுப் பட்டியல்

அரங்கங்களுக்கும் கொட்டகைகளுக்கும் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை காலை சுற்றறிக்கை ஒன்று வந்தது. பொருள்: இசை நாடகம் கண்டுகளித்தல், களித்தபின் தனிப்பட்ட கருத்தைச் சமர்ப்பித்தல், தொடர்பாக. கருத்து முழுக்க முழுக்கச் சொந்தமானதாக இருக்க வேண்டும். இணைப்பில் கண்ட படிவத்தில் இருக்க வேண்டும். மூன்று பிரதிகளில், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள், இயக்குநரின் மேசைக்கு வந்து சேர வேண்டும்.

'பாய்மரத் தையல்காரி' என்ற அந்த இசை நாடகம் பதினோரு மாதமாக ஊரையே உலுக்கிக்கொண்டிருந்தது. தெருவில் இரண்டு பேர் சந்தித்தால் சௌக்கியமா என்று விசாரிக்கும் வழக்கம் நின்றுபோய், "நீங்க எங்க அழுதீங்க?" என்று விசாரிக்கும் வழக்கம் வந்திருந்தது. இன்னும் பார்க்காதவர்கள் ஜுரம் என்று சொல்லி வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். நாடகக் குழுவின் அரங்க உரிமம் அடுத்த மாதம் காலாவதியாகிறது. அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல், கலைமீதுள்ள அன்பினால் மட்டுமே, குழுவினர் சனிக்கிழமை மதியக் காட்சிக்கு இயக்குநருக்கும் அலுவலகத்தார் பத்தொன்பது பேருக்கும் குடும்பத்தோடு டிக்கெட் அனுப்பியிருந்தார்கள். எல்லாரும் போய்விட்டு வந்தார்கள். அதன் பின்விளைவுதான் சுற்றறிக்கை.

படிவத்தில் நான்கு கேள்விகள். ஒன்று, அழுதீரா? இரண்டு, ஆம் எனில் எந்தக் காட்சியில், எந்த இருக்கையில்? மூன்று, முதலில் எந்தக் கண்ணில்? நான்கு, இல்லை எனில், உம்மிடம் ஏன் விளக்கம் கோரக் கூடாது?

தலைமை எழுத்தர் படிவத்தை ஒரு முறையும் சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியை நான்கு முறையும் படித்தார். சிறந்த கருத்தை எழுதுபவர், புதிதாகத் தொடங்கவிருக்கும் ரசனைப் பிரிவுக்குப் பதவி உயர்வுடன் கண்காணிப்பாளராக நியமிக்கப்படுவார் என்றது அந்தப் பத்தி. மூன்று முறை கைக்கு எட்டி நழுவிப்போன பதவி உயர்வு. கடிதம் வரைவதில் அவரை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. இந்த முறை நழுவ விடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஒரே ஒரு சிக்கல். நாடகம் முழுக்க அவர் தூங்கிவிட்டார்.

இதில் அவர் குற்றம் கொஞ்சமும் இல்லை. மின்சாரச் சிக்கன உத்தரவின்படி அந்த அலுவலகத்தில் தினமும் மதியம் அரை மணி நேரம் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். அணைத்ததும் எல்லாரும் மேசைமேல் தலை சாய்ப்பார்கள். விளக்கு எரிந்ததும் கோப்பைத் திறப்பார்கள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அரங்கத்தில் விளக்கு அணைந்தது, அவர் கண்ணும் அணைந்தது. இடைவேளையில் எரிந்தது, விழித்துக்கொண்டு பேனாவைத் தேடினார். மறுபடி அணைந்தது. கடைசியில் கைதட்டல் கேட்டுத் துள்ளி எழுந்து, அரங்கத்திலேயே அதிக நேரம் கைதட்டியவரும் அவர்தான்.

அன்று மதியமே காசாளர் மெல்ல வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், நான் அந்த நாடகத்துல அப்படியே ஒன்றிப் போயிட்டேன். அதனால கதை சரியா ஞாபகம் இல்ல. நீங்களே பார்த்து நல்லா ஒண்ணு எழுதிக் கொடுத்துடுங்க."

அடுத்து தட்டச்சர் வந்தார். அவர் தேவைக்கு அதிகமாக உருகிவிட்டாராம், எழுதக் கை வரவில்லையாம். டிரைவருக்கு எழுத நேரமில்லை. செவ்வாய்க்கிழமை மாலைக்குள் பதினெட்டுப் பேரும் வந்துவிட்டுப் போனார்கள். தலைமை எழுத்தருக்குக் கொஞ்சமாவது சந்தேகம் வந்திருக்க வேண்டுமே, வரவில்லை. இத்தனை ரசிகர்களுக்கு நடுவில் நான் ஒருத்தன்தான் ஜடம் என்று வெட்கப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

வீட்டில் அவர் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்த நாடகத்தைப் பத்தி நீ என்ன நினைக்கிறே?"

கத்தி நின்றது. குடை எங்கே, சோப்பு எங்கே என்று அவர் கேட்டதுண்டு. நீ என்ன நினைக்கிறாய் என்று கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் கேட்டதில்லை.

"நீங்களும் கூடத்தானே உட்கார்ந்திருந்தீங்க?"

"உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் உன் வாயால கேட்கலாம்னு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். அவர் குறிப்பேடும் பென்சிலுமாக அரிசி டப்பாமேல் உட்கார்ந்தார். இரண்டு மாலைகள் கதை ஓடியது. துறைமுகத்தில் பாய்மரத் துணி தைக்கிற ஒருத்தி. அவள் புருஷன் கப்பலேறித் தூர தேசம் போகத் துடிக்கிறான். அந்தக் கப்பலுக்கான பாயைத் தைக்கும் வேலை அவளிடமே வருகிறது. அவள் வேண்டுமென்றே ஒரு தையலை விட்டுவிடுகிறாள். பாய் கிழியும், கப்பல் திரும்பும், அவனும் திரும்புவான் என்று கணக்கு.

"அப்புறம்?" என்றார் தலைமை எழுத்தர்.

"அப்புறம் என்ன? நடுக்கடல்ல கிழிஞ்சா அவன் கதி என்னன்னு யோசிக்கிறா. கப்பல் கிளம்பப் போற காலையில ஊசியை எடுத்துட்டுத் தானே போறா. எல்லாரும் சாமான் ஏத்திட்டிருக்காங்க, யாரும் இவளைக் கவனிக்கல. மூலையில உட்கார்ந்து, விட்ட தையலைத் தானே போட்டுக் கொடுத்துட்டு இறங்கி வந்துடறா. அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

சொல்லிவிட்டு ஏதோ ஒரு மெட்டை மெதுவாக முணுமுணுத்தாள். தலைமை எழுத்தர் பென்சிலைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்தார், மறுபடியும் வழிந்தது. நிஜமாகவே அழுதார். நிஜமான அழுகைக்குப் படிவத்தில் இடம் இருந்தது, சமையலறைக்குத்தான் இல்லை. அதனால் இருக்கை எண் பதினான்கு என்று எழுதிக்கொண்டார்.

மற்றவர்களுக்கு எழுதுவதில் வேறொரு பிரச்சினை. பதினெட்டுப் பேரும் ஒரே இடத்தில் அழுதால் தணிக்கையில் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே வியாழக்கிழமை ஒரு கண்ணீர் ஒதுக்கீட்டுப் பட்டியல் தயாரித்தார். காசாளருக்குத் துணி வாங்கும் காட்சி. டிரைவருக்குக் கப்பல் வரும் காட்சி. தட்டச்சர் பட்டியலைப் பார்த்ததும் சண்டைக்கு வந்துவிட்டார்.

"எனக்கு முதல் பாட்டா? ஸ்டோர் கீப்பருக்கு இரண்டாம் அங்கமா? அவர் எனக்கு நாலு வருஷம் ஜூனியர் சார்!"

"அழறதுல என்ன சீனியாரிட்டி?"

"அப்போ அவரை முதல் பாட்டுல அழச் சொல்லுங்க, பார்க்கலாம்."

அலுவலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கடைசியில் பணிமூப்பின்படி தட்டச்சர் இரண்டாம் அங்கத்துக்கு உயர்த்தப்பட்டார். ஸ்டோர் கீப்பர் இடைவேளைக்கு முன்பு அழ எழுத்துமூலம் சம்மதித்தார். விட்ட தையலைப் போடும் காட்சியை மட்டும் தலைமை எழுத்தர் யாருக்கும் தரவில்லை. அது அவர் அழுத இடம்.

வெள்ளிக்கிழமை பத்தொன்பது கருத்துகளும் மேசைக்குப் போய்விட்டன. அன்று மாலை அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே. அன்னைக்கு நான் நாடகமே பார்க்கல. தூங்கிட்டேன்."

"தெரியும்" என்றாள் மனைவி. "உங்க தலை என் தோள்ல இருந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"என் தலை உங்க தலைமேல இருந்துச்சு."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"பின்ன என்னங்க? காலையிலேருந்து ஓடிட்டு, யாரும் என்னைக் கூப்பிடாத ஒரு இருட்டு கிடைச்சுது. தூங்காம என்ன பண்றது?"

"அப்போ அந்தக் கதை? அந்தத் தையல்?"

"வாசல்ல ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்து நானே சொன்னது. நான் சொல்றதை நீங்க முதல் தடவையா எழுதி எழுதி வச்சுக்கிட்டீங்க. தெரியாதுன்னு சொல்ல மனசு வரல."

சனியும் ஞாயிறும் அவர் முள்மேல் இருந்தார். திங்கட்கிழமை காலை, படிவங்களைத் திரும்ப வாங்கிவிடும் உத்தேசத்தோடு இயக்குநர் அறைக்கு ஓடினார். அங்கே நாடகக் குழுவின் மேலாளர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் உரிமக் கோப்பு, கையெழுத்தாகாமல் கிடந்தது.

"வாங்க, வாங்க!" என்றார் இயக்குநர். "அந்த விட்ட தையலைப் போடற இடம்! படிச்சதும் அப்படியே கண்முன்னால வந்துடுச்சு. நானும் அங்கதான்யா அழுதேன்."

தலைமை எழுத்தர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் உரிமக் கோப்பைப் பார்த்தார்.

"அந்தக் காட்சிக்குத்தான் சார் நாங்க ரொம்பப் பாடுபட்டோம்" என்றார் மேலாளர், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

"கொஞ்சம் சின்னதா முடிச்சுட்டீங்களோன்னு ஒரு குறை. நீட்டக் கூடாதா?"

"நீட்டிடலாம் சார். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள நீட்டிடறோம்."

உரிமத்தில் கையெழுத்து விழுந்தது. அதே பேனா அடுத்த கோப்புக்கு நகர்ந்தது. அதில் ரசனைப் பிரிவுக் கண்காணிப்பாளர் நியமன ஆணை இருந்தது. உண்மையைச் சொல்ல வாய் திறந்த தலைமை எழுத்தருக்கு, "நன்றி சார்" என்பதுதான் வெளியே வந்தது. தன் வாய்மேல் அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ஆணையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைக் காட்சிக்கு, கண்காணிப்பாளர் என்ற முறையில், மனைவியை அழைத்துக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். தொடையைக் கிள்ளிக்கொண்டே விழித்திருந்தார். இரண்டாம் அங்கத்தில் அந்தக் காட்சி வந்தது. புகை கிளம்பியது. நாற்பது பேர் ஆள் உயர ஊசிகளைத் தூக்கிக்கொண்டு வந்து இருபது நிமிஷம் ஆடினார்கள். பாய்மரத்தில் வண்ண விளக்கு எரிந்தது. தையல்காரி கயிற்றில் தொங்கிக்கொண்டு உச்சஸ்தாயியில் பாடினாள். அரங்கமே விம்மியது.

வெளியே வரும்போது, நனைந்த கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே ஓர் அம்மாள் நெருங்கினாள்.

"நீங்க எங்கம்மா அழுதீங்க?"

"நான் அழல" என்றாள் மனைவி. "அந்தத் தையல் இடத்தைக் கெடுத்துட்டாங்க. அவ தனியா, சத்தமில்லாம உட்கார்ந்து தைக்கணும். யாருக்கும் தெரியாமப் பண்ணினதுதானே அதுல விஷயமே?"

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் இரக்கத்தோடு பார்த்தாள்.

"இதையெல்லாம் புரிஞ்சுக்க ஒரு ரசனை வேணும்மா" என்றாள். பிறகு, சட்டையில் ரசனைப் பிரிவின் புது வில்லை மின்னிக்கொண்டிருந்த கணவரிடம் திரும்பினாள். "என்ன சார், நான் சொல்றது சரிதானே?"

மனைவியும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுற்றிலும் பொதுமக்கள் நின்றார்கள். இயக்குநர் நான்கு அடி தள்ளி நின்றார். கண்காணிப்பாளர், தம் பதவிக்குரிய கண்ணியத்தோடு, தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு சமையலறையில் கதை கிடையாது. கேட்டுப் பார்க்கிறார். சுற்றறிக்கை அனுப்புங்கள், மூன்று பிரதி தருகிறேன் என்கிறாள்.