எலி அண்ணையும் புரட்டாதிச் சனி விளக்கும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

இந்த இலண்டன் மாநகரில் தம்மை எலியென்று தாமே அறிவித்து, அந்தப் பதவிக்குரிய கண்ணியத்தோடு நடந்துகொண்ட மனிதர் ஒருவரே. தேம்ஸ் நதியின் இரு கரைகளிலும் விளக்குப் பிடித்துத் தேடினாலும் இன்னொருவர் அகப்படார். பிளேஸ்டோவில் எமது இல்லத்துக்கு எதிரே குடியிருந்த அவரை நாங்கள் எலி அண்ணை என்றே அழைத்தோம். அவருடைய இயற்பெயர் அவருடைய துணைவியார் மனோ அக்காவுக்கும் தபாற்காரருக்கும் மட்டுமே தெரியும்.

சுவிற்சர்லாந்தில் உணவகமொன்றின் சமையற்கட்டில் பல்லாண்டு உழைத்துவிட்டு இங்கு வந்து சேர்ந்தவர் அவர். அங்கே பழகியதோ, பிறவிக்குணமோ அறியேன். தாம் சோதித்துப் பாராத எதையும் பிறர் தொட விடமாட்டார். விருந்தினர் அமருமுன் கதிரையில் தாம் அமர்ந்து குலுக்கிப் பார்ப்பார். கவுன்சில் எங்கள் பூங்காவில் உட்காரப் புதிய மரவாங்கு போட்டபோது, ஒரு பகற்பொழுது முழுவதும் அதன்மேற் படுத்துக் கிடந்துவிட்டு, "இனி நீங்கள் இருக்கலாம்" என்று ஊராருக்கு அனுமதி வழங்கினார். என் மகளின் பிறந்தநாளன்று கேக்கின் நான்கு மூலைகளையும் உண்டு பார்த்தார். ஏனென்று வினவினேன்.

"ஒரு மூலை நல்லாயிருந்தால் மற்ற மூலையும் நல்லாயிருக்குமெண்டு என்ன நிச்சயம், தம்பி?" என்றார். பின்னர் நடுப்பகுதியும் அவருக்கு நிச்சயமற்றதாகவே தோன்றியது.

இத்தகைய மனிதரின் வாழ்வில் சோதிக்க இயலாத துன்பமொன்று புகுந்தது. மனோ அக்காவுக்குக் கடுமையான நோய் வந்து, நீண்ட சிகிச்சையால் தணிந்தது. நோய் போயிற்று, போகும்போது பசியையும் உடன் அழைத்துச் சென்றுவிட்டது. சோற்றைக் கண்டால் அக்கா முகத்தைத் திருப்பினார். அண்ணையோ வேளைதோறும் ஒவ்வொரு கறியையும் முதலில் தாம் சுவைத்து, "பாத்திட்டன், நல்லாயிருக்கு, சாப்பிடும்" என்று கூறி, எதிரே அமர்ந்து அவருடைய வாயையே நோக்கியிருப்பார். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். அடுத்த முறை வரும்போது நிறை ஏறியிராவிட்டால் மூக்கின் வழியே குழாய் விட்டுத்தான் உணவு செலுத்த வேண்டிவரும் என்று மருத்துவமனையில் கூறிவிட்டார்கள்.

அந்தக் கிழமைதான் முதியோர் சங்கத்தில் கடதாசி விளையாடும் மேசையில் அண்ணை என் காதோரம் குனிந்தார்.

"தம்பி, கஞ்சாச் செடியில சிபிஜி எண்டு ஒரு சாமான் இருக்கு. கேள்விப்பட்டனீரோ?"

"அண்ணை, மெல்லக் கதையுங்கோ. செயலாளர் வாறார்."

"வரட்டுமன்! இது வெறிக்காது. செடி இளசா இருக்கேக்க முதல்ல இதின்ர மூலம்தான் உண்டாகும். பிறகு அதுதான் உருமாறி, வெறிக்கிற சாமானாயும் வெறிக்காத சாமானாயும் பிரிஞ்சு போகும். செடி முத்தினால் இது மிஞ்சுறது கொஞ்சம். அதாலதான் கனபேருக்குத் தெரியாது."

"அதுக்கும் எங்களுக்கும் என்ன அண்ணை?"

"எலிக்குக் குடுத்துப் பாத்தவையாம். எலி வயிறு முட்டச் சாப்பிட்டுதாம்!"

அவ்வாறு கூறியபோது அவர் கண்களில் எழுந்த ஒளி, விடியலிற் கனவொன்றை மீதம் வைத்து எழுந்தவனின் ஒளியை ஒத்திருந்தது. அன்றே என்னையும் இழுத்துக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குச் சென்றார். அங்கு பணிபுரியும் சுபா என்னும் பிள்ளை பொறுமையாகக் கேட்டாள்.

"அங்கிள், எலி சாப்பிட்டது உண்மைதான். ஆனால் மனுசரும் சாப்பிடுவினம் எண்டு இன்னும் ஒருத்தரும் காட்டேல்லை. வீக்கத்துக்கு நல்லது, குடலுக்கு நல்லது, கண் அழுத்தத்துக்கு நல்லது எண்டு கனக்கச் சொல்லுகினம். முக்கால்வாசி இன்னும் லாப்லதான் நிக்குது. அன்ரியின்ர மருந்துக் குளிசையளோட இது மோதவும் கூடும். ஹொஸ்பிட்டலைக் கேக்காமல் ஒரு துளியும் குடுக்காதேங்கோ."

"அப்ப எலிக்கும் மனுசருக்கும் இடையில ஆரும் இல்லையோ, பிள்ளை?"

"கிட்டத்தட்ட இல்லை, அங்கிள்."

அண்ணை நெஞ்சை நிமிர்த்தினார். "அப்ப நான் நிக்கிறன். எலி நான்தான்."

பட்டம் அவ்விடத்திலேயே சூட்டப்பட்டது. சூட்டியவரும் அவரே, ஏற்றவரும் அவரே.

எங்கிருந்தோ அந்தச் சிபிஜி எண்ணெயில் ஒரு போத்தல் வாங்கிவந்தார். துளியை நாவின் கீழ் விட்டுச் சற்றுநேரம் வாய் திறவாதிருத்தல் வேண்டுமாம். அண்ணையோ அதற்கென நேரம் வகுத்துக்கொள்ளவில்லை. நினைத்தபோதெல்லாம் சிறு கபிலநிறப் போத்தலை எடுத்துவிடுவார். முந்நூற்றிநாலு என்னும் கடதாசி ஆட்டத்தில் அவர் என் கூட்டாளி. கை நிறைய நல்ல கடதாசிகளை வைத்துக்கொண்டு, துரும்பு கேட்கவேண்டிய வேளையில் வாயை இறுக மூடி, புருவங்களை மாத்திரம் மேலும் கீழும் அசைப்பார்.

"கேளுங்கோ அண்ணை! வாயில என்ன கொழுக்கட்டையோ?" என்று எதிராளிகள் கூச்சலிடுவர். துளி கரைந்து முடிவதற்குள் துரும்பு வேறொருவர் கைக்குப் போய்விடும். தோற்றவர் காதிற் கடதாசி செருகும் எமது சங்க வழக்கத்தால், அந்த மாதம் முழுவதும் நான் காதில் இறகு முளைத்த பறவைபோற் காட்சியளித்தேன்.

"பசி வந்ததோ அண்ணை?" என்று ஒருநாள் அவர் வீட்டில் கேட்டேன்.

"வந்தது தம்பி! காலமை பாண், பிறகு வடை, மத்தியானம் சோறு, பின்னேரம் கொத்துரொட்டி. வேலை செய்யுது!"

சாய்மனைக் கதிரையிற் கிடந்த மனோ அக்கா கண்களைத் திறவாமலே கூறினார்: "இந்த மனுசனுக்குப் பசியாத நாள் ஒண்டு வந்தால் சொல்லுங்கோ. அதைப் பேப்பரில போடலாம்."

சுபாவும் அதனையே வேறுவிதமாக உரைத்தாள்: "அங்கிள், ஏற்கெனவே பசியில நிக்கிற எலியை வைச்சுப் பரிசோதிக்கேலாது."

அண்ணை தளர்ந்தாரில்லை. அடுத்த கிழமை மருத்துவமனையில் எண்ணெயைக் காட்டி அனுமதி கேட்பதாக முடிவு செய்தார். அதற்குமுன் சனீஸ்வரரைக் கேட்பதே முறை என்றும் கருதினார்.

புரட்டாதிச் சனி அன்று, பெய்வதா விடுவதா என்று தீர்மானியாத மழையொன்று பிளேஸ்டோவின்மேல் வெண்துகிலாய்த் தொங்கியது. தெருக்கோடி கரைந்துபோயிருந்தது. சிவப்புப் பேருந்துகள் ஓசையின்றி மிதந்து வந்து, எம்மை ஏற்றிக்கொண்டு கோயிலை நோக்கி மீண்டும் மிதந்தன. நெடுநாட்களுக்குப் பின் வெளியே வந்த மனோ அக்கா, கண்ணாடியில் விரலால் ஏதோ வரைந்தபடி இருந்தார்.

எம்மவர் சனிக்கு எரிக்கும் நல்லெண்ணெயை இந்நாட்டில் எதிற் கொண்டுவருவரென்று தாங்கள் அறிவீர்கள். பழைய இருமல் மருந்துப் போத்தல்களில். அவை வரிசையாகத் தட்டில் நிற்க, அண்ணை தமது கபிலநிறப் போத்தலை ஆசீர்வாதத்துக்காக அவற்றின் நடுவே வைத்தார். குருக்கள் மந்திரத்தை நிறுத்தாமலே ஒவ்வொன்றாய்த் திறந்து விளக்கில் ஊற்றிக்கொண்டு வந்தார். கபிலநிறப் போத்தலும் கவிழ்ந்தது.

"ஐயா! நிப்பாட்டுங்கோ! அது கஞ்சாச் செடியின்ர எண்ணெய்!" என்று அண்ணை கூவினார்.

மணியோசை நின்றது. திரி மட்டும் அமைதியாக எரிந்தது.

"நான் ரெண்டுதரம் நல்லா மூச்சு இழுத்திட்டன்," என்றார் ஓர் அம்மையார். அருகில் நின்றவர் விளக்கை நோக்கி ஓரடி முன்னே நகர்ந்தார். "எனக்கு மிதக்கிற மாதிரிக் கிடக்கு," என்றது ஒரு குரல். ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் என் தோளைப் பற்றி, "தம்பி, நான் இப்ப நிக்கிறது பிளேஸ்டோவிலயோ, டூட்டிங்கிலயோ?" என்று வினவினார். எனக்கே தூண்கள் மெல்ல மூச்செறிவதாகவும், சனீஸ்வரரின் காகம் இறகைக் கோதுவதாகவும் தோன்றிற்று. (சுபா பின்னர் தெளிவுபடுத்தினாள்: "அது வெறிக்கிற சாமானே இல்லை, அங்கிள். விடியக் காலமையில இருந்து விரதத்தில நிண்டால் ஆருக்கும் தலை சுத்தும்.")

அண்ணை குருக்களோடு வாதிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கனவுப் புகையினூடே நான் திரும்பியபோது, சுவரோரம் அமர்ந்திருந்த மனோ அக்காவைக் கண்டேன். மடியில் ஒரு காகிதத் தட்டு. அதில் எள்ளுச்சோறு. யாருமே தம்மைப் பார்க்காத அந்த வேளையில், அவர் சிறு சிறு கவளமாக உண்டுகொண்டிருந்தார்.

கூவ வாயெடுத்தேன். அவர் விரலை உதட்டில் வைத்தார்.

"சொல்லாதேங்கோ தம்பி. இவர் திரும்பிப் பாத்தாரெண்டால் தொண்டையில நிண்டிடும்."

நான் விரைந்து சென்று குருக்களிடம், அந்த எண்ணெய் சாத்திரத்துக்கு ஏற்றதா, தோஷமுண்டா, பரிகாரம் யாது என்று தொடர்பற்ற வினாக்களைத் தொடுத்தேன். வாதம் நீண்டது. தட்டு வெறுமையாகும்வரை நீண்டது.

வீடு திரும்பும் பேருந்தில், அக்கா கண்ணயர்ந்த பின், அண்ணையிடம் நடந்ததைக் கூறினேன். விளக்குப் புகைதான் காரணமென்று துள்ளுவாரென எதிர்பார்த்தேன். அவரோ அக்காவைப் பார்க்கத் திரும்பி, பாதியிலேயே கழுத்தை நிறுத்திக்கொண்டார்.

"அப்ப நான் பாத்துக்கொண்டிருந்ததுதான் பிழையோ?" என்றார் மெதுவாக.

இப்போதைக்கு அந்த எண்ணெய் வேண்டாமென்று மருத்துவமனையில் கூறினார்கள். அண்ணை மறுபேச்சின்றித் தலையசைத்தார். அக்காவின் நிறை சற்றே ஏறியிருந்தது. குழாயும் வேண்டாமென்றார்கள்.

எட்மண்டனிலுள்ள மகள் வீட்டுக்கு அவர்கள் குடிபெயர்வதற்கு முன்னொரு நண்பகலில் எதிர்வீட்டுக்குச் சென்றேன். அக்கா மேசையில் உணவருந்திக்கொண்டிருந்தார். அண்ணை அறைக்கு முதுகு காட்டி, சன்னலருகே நின்று, ஒன்றுமே நிகழாத எங்கள் தெருவைக் கூர்ந்து நோக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கறியை அவர் சுவைத்தும் பார்க்கவில்லை என்று அக்கா கூறினார்.

"தம்பி," என்று தெருவைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டார், "சாப்பிடுறாவோ?"

"ஓம் அண்ணை. சாப்பிடுறா."

அவர் திரும்பவில்லை. நானும் அவர் அருகே போய் நின்று தெருவைப் பார்த்தேன்.

ஐயா, அம்மையீர், எலி அண்ணையைப்போல் இன்னொருவர் அகப்படாராகையால், இந்தப் பக்கத்தைத் தாங்கள் எறிந்துவிடாது எங்கேனும் ஓரிடத்தில் வைத்திருக்குமாறு வேண்டுகிறேன்.