நித்திரைக் காக்கா மூடிப் பார்த்த லெப்டொப்புகள்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்த லெப்டொப் கடையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நித்திரைக் காக்காவைத் தெரியாத முதலாளி ஒருவர்கூட இல்லை. அவர் முழித்திருக்கும்போது அவருக்கு ஒரு லெப்டொப் விற்றுக் காட்டிய முதலாளியும் இல்லை.

மருதமுனையில் எங்கள் தெரு முனையில் போட்டோகொப்பிக் கடை வைத்திருப்பவர், ஊருக்கே காக்கா, அதாவது அண்ணன். தாயில்லாமல் வளர்த்த ஒரே மகள் ரிஸ்னாவுக்குப் பேராதனைக் கெம்பஸில் படிக்க இடம் கிடைத்ததும், அவள் கொண்டுபோக ஒரு லெப்டொப் தேடக் கிளம்பினார். நிபந்தனை ஒன்றே ஒன்று. விண்டோஸுக்குப் பதிலாக எவரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் அதில் குறையில்லாமல் ஓட வேண்டும். மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து துணைக்குப் போன பாவி நான்.

"விண்டோஸோட வாங்கினா எல்லாம் தன்னால வேல செய்யுமே காக்கா?"

"அது வாடக வீடு தம்பி. ஊட்டுக்காரன் நெனச்ச நேரம் கதவ மாத்துவான், செவர இடிப்பான். நம்மட ஊருல பொம்புளப் புள்ளக்கி வாடக வீட்டயா குடுக்கிற?"

மகளுக்குச் சொந்த வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் பேசுவது எங்கள் ஊர் வழக்கம்.

கடைக்குள் நுழைந்து ஸலாம் சொல்வார். கழுத்துக் கயிற்றில் தொங்கும் பென்ட்ரைவைக் கழற்றுவார். அதற்குள்தான் லினக்ஸ். அதைச் செருகி, மெஷினில் எதையும் மாற்றாமலே ஓட்டிப் பார்ப்பார். முதலில் வைஃபை. அப்புறம் கெமரா, தன் தாடியைத் தானே பார்த்துத் தலையாட்டுவார். அப்புறம் சவுண்ட். அதற்கென்றே நம் கடற்கரையில் அலைச் சத்தத்தைப் பதிந்து வைத்திருந்தார். அதைப் போட்டால் கடை முழுக்கக் கடல் வந்துவிடும். சாமான் வாங்க வந்தவர்கள் விலை கேட்க மறந்து நிற்பார்கள்.

கடைசியில் நித்திரைச் சோதனை. மூடினால் மெஷின் தூங்க வேண்டும், திறந்தால் எல்லாம் சேர்ந்து முழிக்க வேண்டும். லினக்ஸில் பல மெஷின்கள் கவிழ்வது இங்கேதான். மூடிவிட்டு உதட்டில் விரல் வைப்பார்.

"சத்தம் போடாதீங்க. நித்திரையாகுது."

அலைச் சத்தம் கேட்ட மயக்கத்தில் தானும் கண்ணை மூடுவார். அவ்வளவுதான், குறட்டை! சாய்ந்தமருதுக் கடையில் மெஷினை நான் திறந்தேன். அது முழித்தது, வைஃபை முழிக்கவில்லை, காக்காவும் முழிக்கவில்லை. லுஹர் தொழுகைக்குக் கடை பூட்ட வந்த முதலாளி, "இவர உள்ளுக்கு வெச்சிப் பூட்டவா, வெளிய வெச்சிப் பூட்டவா?" என்று என்னிடம் கேட்டார். கல்முனையில் ஒன்று முழித்தது, ஆனால் ஊமையாகிவிட்டது.

ரிஸ்னாவின் பஸ் மறுநாள் என்ற நிலையில் அக்கரைப்பற்றுக்குப் போனோம். அவளும் வந்தாள். அங்கே ஒரு பாவித்த லெப்டொப். "பழசுதான் தம்பி நல்லம். புதுசோட லினக்ஸ் பழகக் கொஞ்சக் காலம் எடுக்கும்," என்றார் காக்கா. வைஃபை, கெமரா, கடல், நித்திரை, எல்லாம் பாஸ். அல்ஹம்துலில்லாஹ் என்று நான் எழும்பினேன்.

"மூடக்குள்ள சத்தம் கொஞ்சம் கூட மாதிரி இரிக்கி," என்றார் காக்கா.

"யா அல்லாஹ்! கதவா வாங்க வந்தீங்க?" என்றேன்.

"நிறமும் ஒரு மாதிரி..."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. லெப்டொப் கிடைத்தால் மகள் போய்விடுவாள். குறை மெஷினில் இல்லை.

ரிஸ்னாவுக்கு அது முன்பே தெரியும் போல. அலைச் சத்தத்தை மறுபடி போட்டாள். அதைத் தன் போனிலும் ஏற்றிக்கொண்டாள்.

"வாப்பா, இன்னொருக்கா மூடிப் பாருங்களன்."

மூடினார். கண்ணையும் மூடினார். குறட்டை வந்ததும் முதலாளியிடம் மெல்லச் சொன்னாள், "பெட்டிக்குள்ள வெச்சிப் பெக் பண்ணுங்க."

காக்கா முழித்தபோது மேசை வெறுமையாக இருந்தது.

"மெஷின் எங்க புள்ள?"

"வாங்கியாச்சி வாப்பா."

"முழிச்சிச்சா?"

"ஓம், உங்களுக்கு முன்னுக்கே முழிச்சிட்டு."

சில நாள் கழித்து ஒரு பின்னேரம் காக்காவின் கடைக்குப் போட்டோகொப்பி எடுக்கப் போனேன். காக்கா போனைக் காதில் வைத்தபடி கண் மூடிக் கிடந்தார். தூங்குகிறார் என்று கூப்பிட்டேன். உதட்டில் விரல் வைத்தார். போனுக்குள்ளிருந்து கடல் இரைந்தது. பேராதனை மலையிலிருந்து மகள் லெப்டொப்பில் போட்டிருக்கிறாள்.

"சவுண்ட் நல்லா வேல செய்யிது தம்பி," என்றார், கண் திறக்காமல்.

கடைக்குப் பின்னால் எங்கள் சொந்தக் கடல் இரைந்துகொண்டுதான் இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. என் கொப்பிக்கும் அப்படியொன்றும் அவசரமில்லை. பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.