மறுதரப்புக்கு அரை நிமிடம்

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மாப்பிள்ளைக்கு, உங்கள் அக்காவின் கணவன், எடை அளவுத் துறையில் ஓய்வு பெற்ற ஆய்வாளன், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று எழுதினால் அது பொய்ச் செய்தி. நலமில்லை என்று எழுதினால் ஊதிப் பெருக்கிய செய்தி. சட்டைக்கு இஸ்திரி இல்லை, சமையலில் ஒரு நாள் உப்பு இல்லை, மறுநாள் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. மற்றபடி உயிரோடு இருக்கிறேன். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுத வழியில்லை. தினமும் ஏழு மணிச் செய்தி முடிந்ததும் ‘செய்தி ஆசிரியர்’ என்று போட்டு உங்கள் பெயர் திரையில் ஓடிவிடுகிறது. உங்கள் வீட்டுக்காரி, என் தங்கச்சிக்கு, என் அன்பைச் சொல்லவும்.

உங்கள் அக்கா பதினோரு நாளாக உங்கள் வீட்டில் இருக்கிறாள். ஏன் வந்தாள் என்று அவள் ஒரு விதமாகச் சொல்லியிருப்பாள். தம்பி செய்தி ஆசிரியர் என்பதால் அவள் சொன்னதே தலைப்புச் செய்தியாகியிருக்கும். ஆகவே நடந்ததை நடந்தபடி, எந்தப் பக்கமும் சாயாமல், இரண்டு தரப்புக்கும் சம இடம் கொடுத்து எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் சந்தை சந்தையாகப் போய்த் தராசு முள்ளையே பார்த்துப் பழகிய கண் இது. இம்மி சாய்ந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. முதலில் உங்கள் அக்காவின் தரப்பு: அவளுக்குக் கோபம் வந்தது. இனி என் தரப்பு.

வீட்டில் டிவி ஒன்று, ரிமோட் ஒன்று, செய்தி இரண்டு. ஏழு மணிக்கு உங்கள் சேனல். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆளுங்கட்சி அமைச்சர் செருப்பு மாட்டினால்கூட ‘அமைச்சர் அதிரடிப் பயணம்’ என்று சொல்கிற சேனல் அது. எட்டு மணிக்கு என் சேனல். அதுவும் ஒரு பக்கம் சாய்கிறது என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் நல்லது அதிகம் செய்வதால் அதில் அதிகம் தெரிகிறார்கள், அவ்வளவுதான். உங்கள் அக்காவுக்குக் கட்சி எதுவும் கிடையாது. தம்பி கொடுக்கிற செய்தி என்பதால் அது உண்மை. மூன்றாம் வகுப்பில் பரீட்சைத் தாள் காற்றில் பறந்துவிட்டது என்று நீங்கள் சொன்னபோது தெருத் தெருவாகத் தேடிப் போனவள்தானே. போன மாதம் திடலில் ஆளுங்கட்சிக் கூட்டம். உங்கள் ஆட்கள் கேமராவைத் தரையோடு தரையாக வைத்து எடுத்ததில் மனிதத் தலைகள் முடியவே இல்லை. என் சேனல்காரர்கள் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி எடுத்ததில் நாற்காலிகள் மட்டும் கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தன. கீழ்வீட்டுத் தையல்காரர் அந்தக் கூட்டத்துக்கே நேரில் போனவர். அவரைக் கேட்டால், பந்தலில் நல்ல நிழல், போனதும் தூங்கிவிட்டேன் என்கிறார். நேரில் கண்ட சாட்சியின் லட்சணம் அது.

அரசியல் போகட்டும், மழையாவது பொதுவாக இருக்கக் கூடாதா? எந்தக் கட்சி ஆண்டாலும் மேகம் ஒரே மேகம்தானே. ஒரு நாள் உங்கள் சேனலில் ‘இதமான சாரல்’ என்றீர்கள். என் சேனலில் ‘நகரம் மூழ்குமா?’ என்றார்கள். தம்பி சொல்லை நம்பி உங்கள் அக்கா போர்வை, திரைச்சீலை எல்லாவற்றையும் துவைத்து மொட்டை மாடியில் காயப் போட்டாள். நான் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். சாரலும் இல்லை, வெள்ளமும் இல்லை, இருபது நிமிடம் சாதாரண மழை. போர்வைகள் தொப்பலாக நனைந்தன. மழை பெய்த நேரம் பார்த்து நான் நூலகத்துக்குள் இருந்தேன். வெளியே வந்தால் சுள்ளென்று வெயில். அந்த வெயிலில் பூட்ஸ் சத்தம் போடத் தெரு முழுக்க நடந்து வந்தேன். மீன் ஏதாவது மாட்டியதா என்று தையல்காரர் மிக மரியாதையாகக் கேட்டார்.

அன்றைக்குத்தான் அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன். பெட்ரோல் பங்க் பம்புகளைச் சோதிக்க வைத்திருந்த ஸ்டாப் வாட்சை, ஓய்வு பெற்றபோது நினைவாக எனக்கே கொடுத்துவிட்டார்கள் அல்லவா, அதை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தேன். உங்கள் செய்தியில் ஒரு நாளைக்கு ஆளுங்கட்சிக்குச் சராசரியாகப் பதினோரு நிமிடம். மறுதரப்புக்கு அரை நிமிடம். அந்த அரை நிமிடத்திலும் பாதி நேரம் எதிர்க்கட்சித் தலைவர் மைக்கில் இருமுகிறார். என் சேனலையும் அளந்தேனா என்று கேட்பீர்கள். அளந்தேன். தலைவர் பேச ஆரம்பித்ததும் பேச்சில் லயித்துப் போய்ப் பொத்தானை அழுத்த மறந்ததால் அங்கே கொஞ்சம் குறைவாகப் பதிவாகியிருக்கலாம். அட்டவணை போட்டு, ஒன்றை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினேன், இன்னொன்றை எங்கள் மாடிப்படிச் சுவரில் ஒட்டினேன். உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் இல்லை. மாடிப்படியில் அட்டவணைக்கு அடியில் யாரோ ‘குழாய் ரிப்பேருக்கு அணுகவும்’ என்று ஒரு நம்பர் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

இனி வருவதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நடுநிலை என்று சொல்லிவிட்டேன். நான் அளந்த அதே வாரம் உங்கள் அக்காவும் அளந்திருக்கிறாள், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே, எனக்குத் தெரியாமல், சமையல் குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில். ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினால் குறைத்தால் திரையில் ஒரு எண் வரும் அல்லவா, அந்த எண்ணைத்தான் குறித்துக்கொண்டே வந்திருக்கிறாள். அமைச்சர் பேசும்போது ஏழு. எதிர்க்கட்சித் தலைவர் பேசும்போது இருபத்தாறு. விளையாட்டுச் செய்திக்குப் பதினைந்து. ஏழு நாளும் இதே கதை. சத்தியமாகச் சொல்கிறேன் மாப்பிள்ளை, என் கட்டைவிரல் இப்படி ஒரு வேலை பார்ப்பது எனக்கே தெரியாது. திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக் கொண்டுவந்த தையல்காரரை வைத்துக்கொண்டே நோட்டை வாசித்தாள். தராசின் இரண்டு தட்டிலும் உள்ள கல்லை இடம் மாற்றி வைத்துப் பார்த்தால்தான் அது நேர்த் தராசா என்று தெரியும் என்பது என் தொழிலின் முதல் பாடம். அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அவள் நோட்டை மூடிவிட்டு, “தட்ட மாத்தி வெச்சுப் பாத்தீங்க, சரி. பிடிச்சிருக்கிற கைய யாரு சோதிக்கிறது?” என்றாள்.

தையல்காரர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் மேல் பாய்ந்திருப்பேன். வழியில்லாமல் அவள் மேல் பாய்ந்தேன். “உன் தம்பி சம்பளத்துக்குப் பொய் சொல்றவன். அவனுக்கு நீ வக்காலத்தா?” என்று கேட்டுவிட்டேன். அவள் நாலு புடவையை மடித்துப் பையில் வைத்தாள், அடுப்பு அணைந்திருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்தாள், போய்விட்டாள். கத்தியிருந்தால் நானும் கத்தி ஓய்ந்திருப்பேன். பேசாமல் போனவளுக்கு என்ன பதில் சொல்வது என்று இந்தப் பதினோரு நாளாக யோசிக்கிறேன்.

யோசிக்கிற நேரம் போக மிச்ச நேரம் செய்தி பார்க்கிறேன். சத்தத்தைப் பதினைந்தில் வைத்து, ரிமோட்டை அலமாரிக்குள் பூட்டிவிட்டு, இரண்டு சேனலையும் பார்க்கிறேன். இருபத்தாறில் முழக்கமாகக் கேட்ட எங்கள் தலைவர் பதினைந்தில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். உங்கள் அமைச்சரும் எங்கள் தெருவிளக்கு விஷயத்தில் சொன்னது நிஜம்தான்; போய்ப் பார்த்தேன், எரிகிறது. மாப்பிள்ளை, நீங்கள் சம்பளத்துக்குப் பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொன்னது தப்பு. நான் அதையே சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருந்தவன். என் கண் ஆபரேஷனின்போது ஐந்து நாள் விடுப்புப் போட்டு வந்து, உங்களுக்குப் பிடிக்காத என் சேனலைப் போட்டு, கண்ணில் கட்டோடு கிடந்த எனக்குத் திரையில் வருகிற ஒவ்வொன்றையும் அலுக்காமல் சொன்னவர் நீங்கள். அந்த நன்றியை அன்றைக்கு என் நாக்கு மறந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள். எங்கள் தலைவர் கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் ‘கூட்டம் சுமார்தான்’ என்று அப்போது நாலைந்து தரம் சொன்னீர்களே, அதைப் பற்றி மட்டும் எனக்கு இப்போது ஒரு சந்தேகம் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். உங்கள் செய்தியில் மறுதரப்புக்கு அரை நிமிடத்தை மூன்று நிமிடமாவது ஆக்குங்கள், இருமலை வெட்டிவிடுங்கள், கேமராவை மனிதன் நிற்கிற உயரத்தில் வையுங்கள். நீங்கள் திருந்தினால் நானும் திருந்துவதாக எழுதித் தருகிறேன். இதையெல்லாம் விட முக்கியமாக, அக்காவிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லி வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். இந்த ஒரு செய்தியை மட்டும் உங்கள் பாணியில் கொஞ்சம் சாய்த்துச் சொன்னால்கூடத் தவறில்லை. அத்தான் பாதியாக இளைத்துவிட்டார் என்று சொல்லலாம். உண்மையில் தையல்காரர் வீட்டுச் சாப்பாட்டில் ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறேன், அதைச் சொல்ல வேண்டாம். அவள் இல்லாமல் வீடு நன்றாக இல்லை என்று மட்டும் சாய்க்காமல் சொல்லுங்கள்.

நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல், பதவி உயர்வும் வேளைக்குச் சாப்பாடும் கிடைத்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கதவு தட்டுகிற சத்தம். உங்கள் அக்காதான், கையில் பையோடு. யாருக்கு எழுதுகிறீர்கள் என்றாள். உன் தம்பிக்கு, அவன் செய்தியைப் பாராட்டி, என்றேன். நீங்கள் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள். தானாகவே ஏன் வந்தாய் என்று கேட்டேன். உங்கள் வீட்டில் நீங்கள் வந்ததும் டிவியை அணைத்துவிடுகிறீர்களாம், அதற்கு முன்னால் அவள் ஒருத்தியாக உட்கார்ந்து ஏழு மணிச் செய்தி பார்த்தாளாம். “தனியா பாத்தா அவங்க சொல்றது எல்லாமே நிஜம் மாதிரி இருக்குங்க. பக்கத்துல நீங்க உக்காந்து இல்ல இல்லன்னு முனகிட்டே இருந்தாத்தான் எனக்கு யோசிக்கவே வருது” என்றாள். ஆகவே மாப்பிள்ளை, மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். செய்தியை இப்போது இருக்கிறபடியே விடுங்கள். நீங்கள் ஒழுங்காகிவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் ராத்திரி எதைப் பேசிக்கொண்டு சாப்பிடுவது?