இறங்கி வராத சரக்கு

மனித குலத்தை விலங்கினத்திலிருந்து பிரித்து உயர்த்திய சொல் ஒன்றுதான்: 'அப்புறம்'. மாடு நின்ற இடத்திலேயே காரியத்தை முடித்துக்கொள்கிறது. மனிதன் 'அப்புறம்' என்கிறான். அந்தச் சொல்லை நாற்பது ஆண்டுகள் இடைவிடாமல் ஆண்டவன் என்ற முறையில், அடக்கத்துடன் இதைச் சொல்கிறேன்.

நான் பொத்தான் மொத்த வியாபாரி. சரக்குக்காரர் விலை சொன்னதும், "அப்புறம் பாக்கலாம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். கால் மணியில் மனிதர் இறங்கி வருவார். இதே 'நிர்வாகக் கொள்கை'யை என் பெருங்குடலுக்கும் விரிவுபடுத்தினேன். பேரம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து அடிவயிற்றிலிருந்து மனு வரும். எழுந்து போனால் எதிராளிக்குத் தெம்பு வந்துவிடாதா? 'அப்புறம்' என்று உத்தரவிடுவேன். வருடங்கள் போகப்போக மனுக்கள் குறைந்தன, பிறகு நின்றேவிட்டன. என் 'ஆட்சித்திறனை' எண்ணி மீசையை முறுக்கிக்கொண்டேன்.

வெளிக்குப் போகாமல் ஏழாவது நாள், வயிறு உப்பிச் சட்டைப் பொத்தான் தெறித்தது. எங்கள் கடைச் சரக்குதான். மனைவி டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"எனக்கு அவசரமே வர்றதில்ல டாக்டர். அவ்ளோ கன்ட்ரோல்!"

டாக்டர் வயிற்றை அமுக்கினார். 'ஐயோ' என்றேன்.

"குடலுக்குன்னு தனியா நரம்புக் கூட்டமே இருக்கு. நகர்த்துறது, தள்ளுறதெல்லாம் அதுவே பாத்துக்கும். கடைசிக் கதவைத் திறக்கலாமா வேண்டாமாங்கறது மட்டும்தான் உங்க மூளை வேலை."

"வாட்ச்மேன் வேலையா?"

"அதேதான். நீங்க முதலாளின்னு நெனச்சுட்டீங்க. வருஷக்கணக்கா தட்டியும் திறக்கலைன்னா அந்த உணர்ச்சியே மங்கிப்போயிடும். இனிமே தினமும் காலைல சாப்பிட்டதும் பத்து நிமிஷம் போய் உக்காருங்க. அது கூப்பிடாட்டியும் போங்க. இல்லன்னா அடுத்த தடவை நான் கையுறை மாட்டிக்க வேண்டியிருக்கும்."

சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். "அது எப்போ டாக்டர் இறங்கி வரும்?"

"முதல்ல நீங்க இறங்கி வாங்க."

நான் விடுவேனா? "இருந்தாலும், ஒரு தொந்தரவும் பண்ணாம அமைதியா இருந்துச்சே டாக்டர்! நல்லதுதானே?"

"அது அமைதியில்ல சார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு."

மருந்துச் சீட்டு எழுதியபடியே கேட்டார்: "வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

மனைவி நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு இருக்கு டாக்டர். இவர்கிட்ட ஒண்ணு கேக்கறதை விட்டே பதினோரு வருஷம் ஆச்சு."