சகலைக்கு வாய்த்த லினக்ஸ்

அடுத்தவன் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. கார், சம்பளம், ஏன், தலைமுடியைப் பார்த்து வயிறெரிகிறவர்களும் உண்டு. நான் வயிறெரிந்தது ஒரு வைஃபை அடையாளத்தைப் பார்த்து. என் மனைவியின் தங்கை கணவன் பிபினுடைய லேப்டாப்பின் மூலையில், யாரும் கெஞ்சாமலே, அது தானாக வந்து உட்கார்ந்திருந்தது.

இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். (என் மனைவி ஷீபா இன்றும் கேட்கிறாள்.)

நான் பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கேரளத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளமும் கூடவே வந்தது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மற்ற வாத்தியார்கள் பயிற்சி முடிந்ததும் பஃப்ஸ் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நான் ஞானஸ்நானமே எடுத்துக்கொண்டேன். லினக்ஸில் பல வகை உண்டு, டிஸ்ட்ரோ என்போம். நான் தேர்ந்தெடுத்தது மிகப் பழைய, மிகவும் ஆசாரமான ஒரு டிஸ்ட்ரோ. உலகமெல்லாம் ஒரு மென்பொருளைப் பயன்படுத்திச் சலித்த பிறகுதான் எங்களுக்கு அது வந்து சேரும். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் உறுதித்தன்மை.

இருபது வருடத்துக்குப் பக்கமாக அதோடு குடித்தனம் நடத்திவிட்டேன். வைஃபை வேலை செய்யத் தேவையான சின்ன மென்பொருளைக்கூட அது அந்தக் காலத்தில் தன்னோடு வைத்துக்கொள்ளாது. கொள்கையாம். அதை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். பென் டிரைவும் கையுமாக நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறிய நாட்கள் உண்டு. இணைய மன்றத்தில் சந்தேகம் கேட்டால், முகம் தெரியாத யாராவது கையேட்டைப் படிக்கச் சொல்லித் திட்டுவார்கள். படித்தேன். படித்துப் படித்து, சொந்தக்காரர் மத்தியில் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள்' என்ற பெயரும் வாங்கினேன். எனக்கிருந்த ஒரே சொத்து அதுதான்.

பிபின் பூவாரில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறையில் வேலை பார்க்கிறான். எந்நேரமும் சிரித்த முகம். ஒரு நாள் அவன் தனக்கும் லினக்ஸ் போட்டுத் தரச் சொன்னான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்க வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும், கண்ணீரும் வரலாம் என்று எச்சரித்து அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு மாமியார் வீட்டில் பார்த்தால், அவனே ஏதோ புது மாதிரி டிஸ்ட்ரோவைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். வைஃபை உண்டு. புளூடூத் உண்டு. மாமியார் வீட்டில் ஒரு பிரிண்டர் இருக்கிறது. என்னிடம் ஒரு மழைக்காலம் முழுக்க முரண்டு பிடித்த பிரிண்டர். அது பிபினின் லேப்டாப்பைக் கண்டதும் வாலாட்டிக்கொண்டு மாமியார் சர்ச்சில் பிள்ளைகளுக்கு எடுக்கும் ஓய்வுநாள் பள்ளிப் பாடத்தை அச்சடித்துக் கொடுத்தது.

"அண்ணா, எல்லாரும் லினக்ஸ் செரமம்னு சொல்லுதாவ. எனக்கு ஒண்ணும் தெரியல்லியே. நான் போட்டது லினக்ஸுதானே?" என்று பிபின் கேட்டான்.

கேலியாகக் கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன். உண்மையாகவே சந்தேகம் கேட்டான்.

அப்போதுதான் ஷீபாவின் கடைசித் தங்கை ஷைனிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாமனார் இல்லாத வீடு. ஷைனியைத் தகப்பன் இடத்தில் நின்று வளர்த்தவன் அவளுடைய அண்ணன் ஜோஸ். அவன் மஸ்கட்டில் இருக்கிறான். எவ்வளவு கெஞ்சியும் லீவு கிடைக்கவில்லை. கல்யாணத்தை நேரலையில் காட்ட முடியுமா என்று போனில் கேட்டான்.

"படம் மங்கினா மங்கட்டு, அத்தான். அவ சம்மதம்னு சொல்லுத சத்தம் எனக்கு கேக்கணும். அது மட்டும் போரும்."

பிபின் பக்கத்தில்தான் நின்றான். தான் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளட்டுமா என்று பணிவாகக் கேட்டான். என் வாயிலிருந்து 'வேண்டாம்' வெளியே வந்த வேகம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்று ஷீபா பேசிப் பார்த்தாள்: "பிபின் செய்யட்டு. நிங்க பந்தியில போயி இருங்க. உங்களுக்க கம்ப்யூட்டருக்கு கல்யாணம் எல்லாம் சரிப்படாது." அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கெடுத்தது.

இன்னொரு கவலையும் எனக்கு இருந்தது. என் லேப்டாப்பின் திரை பழைய ரேஷன் அலுவலகம் மாதிரி இருக்கும். கோயிலில் (எங்கள் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்) நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். பிபினுடையது பளபளவென்று இருப்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே உறுதித்தன்மையை எல்லாம் தூக்கி வைத்துவிட்டு, இன்னும் சோதனையில் இருக்கும் புதுப் பதிப்புக்கு மாறினேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது. (வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் மன்றத்தில் நானே திட்டியிருப்பேன்.)

திரை அழகாகிவிட்டது. சத்தம் செத்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் அதோடு மல்லுக்கட்டி, கல்யாணத்துக்கு முந்தின நாள் உயிர் கொடுத்தேன். வெற்றிப் பெருமிதத்தில் ஷீபாவிடம் தேங்காய் துருவித் தரட்டுமா என்றுகூடக் கேட்டேன்.

கல்யாணத்தன்று கோயிலில் கேமராவை முன்பக்கம் நிறுத்தி, வயரை இழுத்து, ஒரு தூணுக்குப் பின்னால் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். கோயில் மைக்கின் சத்தம் நேராக லேப்டாப்புக்கு வர இன்னொரு வயர். இணையத்துக்கு என் செல்போன். துணைக்கு என் சித்தப்பா மகன் ரெஜி. திரையில் சத்தத்தைக் காட்டும் பச்சைப் பட்டை துள்ளியது. பாடகர் குழு பாடியபோது துள்ளியது. அதற்குப் பிறகும் நன்றாகவே துள்ளியது. நான் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டேன்.

முன்வரிசையில் பிபின் சாம்பல் நிறக் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தான். மணவாளனைவிட எடுப்பாக இருந்தான். அதைப் பார்த்ததும் எனக்குள் பல மாதமாக மூடி வைத்திருந்தது திறந்துகொண்டது. தாழ்ந்த குரலில் ரெஜியிடம் கொட்ட ஆரம்பித்தேன். அந்தக் கோட்டைப் பற்றி, அந்த லேப்டாப்பைப் பற்றி, கஷ்டப்படாமல் கிடைக்கிற லினக்ஸ் லினக்ஸே இல்லை என்பதைப் பற்றி. ரெஜி நல்ல பையன். 'ம்' மட்டும் போட்டான்.

நடுவில் ஜோஸ் போனில் கூப்பிட்டான். அழைப்பை எடுத்தால் இணையம் அறுந்துவிடும் என்று கட் செய்தேன். திரும்பவும் கூப்பிட்டான். வளைகுடாவில் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சமும் பொறுமை கிடையாது என்று ரெஜிக்கு விளக்கிவிட்டு, திரும்பவும் கட் செய்தேன். திரையின் ஓரத்தில் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் கூட்டம் கூட்டமாக மேலே பறந்தன. சொந்தக்காரர்களுக்குக் கல்யாணத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

பிபின் தன் போனைப் பார்த்துவிட்டு எழுந்து, குனிந்தபடி தூணுக்குப் பின்னால் வந்தான். என் காதில் மெல்லச் சொன்னான்.

"அண்ணா, கோயில் மைக்கு ஓடல்ல. லேப்டாப்புக்க மைக்காக்கும் ஓடுது."

நான் லேப்டாப்பைப் பார்த்தேன். அதன் மைக் என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. புதுப் பதிப்பு எனக்குச் சொல்லாமல் சத்தத்தை அதற்கு மாற்றியிருந்தது. பிபின் கை நீட்டி எதையோ இரண்டு தரம் அழுத்தினான். சரியாகிவிட்டது. அவனுக்கு என் லேப்டாப்பும் அடங்கியது.

ஆனால் அதற்குள் ஷைனி சம்மதம் சொல்லி முடித்திருந்தாள்.

அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. அதில் தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, போதகர் கேட்பார்: "இவரை உன் கணவனாக ஏற்றுக்கொள்ள உனக்குச் சம்மதமா?" ஷைனி தலை நிமிர்வாள். உதடு அசையும். என் குரல் வரும், தெள்ளத் தெளிவாக:

"நெய்மீனுக்க நடுத்துண்டு எல்லாம் அவனுக்கு. எனக்கு எப்பளும் வாலுதான்."

அதற்கு முன்னால், ஜோஸ் மஸ்கட்டிலிருந்து பிபினுக்கு வாட்ச் கொண்டு வந்ததும் எனக்குத் தலைவலித் தைலம் கொண்டு வந்ததும், மாமியார் பரிமாறும் விதமும், தேதிவாரியாகப் பதிவாகியிருக்கின்றன.

ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்று ஜோஸைக் கூப்பிட்டேன். திட்டுவான் என்று நினைத்தேன்.

"அத்தான், ஷைனிக்க சத்தம் கேக்கல்ல. உங்களுக்க சத்தம் நல்லா கேட்டுது," என்றான். குரல் உடைந்திருந்தது. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

அதையும் பிபின்தான் சரி செய்தான். பந்திக்கு முன்னால் மணமக்களை மண்டபத்து அறையில் உட்கார வைத்து, தன் லேப்டாப்பில் ஜோஸைக் கூப்பிட்டு, போதகரையும் வரவழைத்து, அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்கச் சொன்னான். ஷைனி சொன்னாள், சத்தமாக. ஜோஸ் அழுதான். அறையில் எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் சத்தம் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்பதையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். மாமியார் திட்டவில்லை. பந்தியில் என் இலையில் மட்டும் கைப்பட அவரே சோறு வைத்தார். அதற்கு வசவே மேல்.

கல்யாண வீடியோக்காரர் எடுத்த நல்ல பதிவு ஷைனி வீட்டு அலமாரியில் கிடக்கிறது. வருடா வருடம் எல்லோரும் கூடிப் பார்ப்பது என்னுடையதைத்தான். ஷைனியின் கணவனிடம் எதற்காவது சம்மதமா என்று கேட்டால், அவன் பதிலே சொல்வதில்லை. என் பக்கம் கையை நீட்டுகிறான்.

போன மாதம் அம்பூரியில் ஷீபாவின் சித்தி மகளுக்குக் கல்யாணம். எங்கள் குடும்பம் இரண்டு பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தது. போதகர் பெண்ணிடம் "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார். எங்கள் இரண்டு பெஞ்சும் குலுங்க ஆரம்பித்தன. ஷைனி சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமியார் வேதபுத்தகத்தால் முகத்தை மூடினார். பிபின் செருப்பைத் தேடுகிறவன்போல நெடுநேரம் குனிந்தே இருந்தான். நான் ஒருவன்தான் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் போதகர் நேராக என்னிடம் வந்து தோளில் கை வைத்தார். பெண்ணைப் பிரிவதில் எங்கள் குடும்பத்துக்கு இவ்வளவு துக்கம் இருக்கும் என்று தாம் நினைக்கவில்லை, எல்லோரும் உடைந்துபோயும் நான் ஒருவனாவது மனதைத் திடமாக வைத்துக்கொண்டது நல்லது என்றார்.